இங்க ஒரு சந்தா, அங்க ஒரு சந்தா: லீவுக்கு வந்தா மேட்ச் எதுல பாக்கது?

வல்லவிளை_பத்து
புதன், அதிகாலை 1.52

எல்லாரும் தூங்கியிருப்பீங்க. நான் மொட்டைமாடியில உக்காந்து எழுதறேன். 1.30க்கு சாம்பியன்ஸ் லீக் கால்பந்து மேட்ச் தொடங்கியாச்சு, என் போன்ல ஒரு வரிதான் நிக்குது: "இந்தச் சேவை உங்கள் பகுதியில் கிடைக்காது."

சார்ஜாவுல எனக்கு வேலை, ஏழு வருசமா. கிறிஸ்மஸுக்கு வந்தேன், இன்னும் மூணு வாரம் லீவு இருக்கு. அங்க மாசாமாசம் திர்ஹம் கட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் ஆப் வச்சிருக்கேன். இங்கிலாந்துக்க பிரீமியர் லீக், சாம்பியன்ஸ் லீக் எல்லாம் அதுக்குள்ளயே வரும். திருவனந்தபுரத்துல விமானம் இறங்கின நேரத்துல இருந்து அது திறக்கல. லீவு மாசத்துக்கும் காசு போயிட்டுதான் இருக்கு.

சரி, எனக்க அப்பாவுக்காக இங்க ஒரு வருசச் சந்தா போட்டிருக்கேனே, அதுல பாப்போம்னு பாத்தா அதுல பிரீமியர் லீக் உண்டு, சாம்பியன்ஸ் லீக் இல்ல. அது வேற கம்பெனியாக்கும். இந்தச் சந்தாவையும் சார்ஜாவுக்குக் கொண்டுபோக முடியாது. போன வருசம் ரூம்ல நாங்க ஆறு பேரு, எல்லாம் குமரி மாவட்டம், கிரிக்கெட்டைத் தமிழ் வர்ணனையோட பாக்கணும்னு உக்காந்தோம். அங்கயும் இதே வரி.

ரெண்டு பக்கமும் காசு கட்டின ஆளு நான். ஓசியில கேக்கல. நான் எங்க இருக்கேனோ அங்க அது வரணும், அவ்வளவுதான் கேக்கறேன். வேற நாட்டுல இருக்கற மாதிரி காட்டுற வி.பி.என். போட்டுப் பாத்தேன், ஒரு நிமிசம் ஓடிச்சு, பிறகு அதையும் கண்டுபிடிச்சு நிறுத்திடுச்சு. நேரான வழி யாருக்காவது தெரியுமா?

நீரோடி_17
புதன், காலை 6.40

அண்ணே, இதுக்குப் போய் காசா கட்டுவாங்க. இந்த டெலிகிராம் குரூப்ல சேருங்க, எல்லா மேட்சும் வரும்:
[இணைப்பு நீக்கப்பட்டது. திருட்டு ஒளிபரப்பு இணைப்புகளை இங்கே போட வேண்டாம். – நிர்வாகி]

கொல்லங்கோடு_கேபிள்
புதன், காலை 7.05

தம்பி, நான் இருபது வருசமா கேபிளும் இப்ப நெட் கனெக்‌ஷனும் கொடுக்கற ஆளு. உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லுதேன்.

முதல்ல பாக்கது உன் ஐ.பி. முகவரி, அதாவது நெட்டுல உன் கனெக்‌ஷனுக்கு உள்ள நம்பர். எந்த முகவரி எந்த நாட்டு நெட் கம்பெனிக்குக் கொடுத்ததுன்னு பட்டியல் இருக்கு, ஆப் அதை வச்சு நாட்டைத் தீர்மானிக்குது. நாட்டளவுல அது பெரும்பாலும் சரியா இருக்கும், ஊரளவுல சரியா இருக்காது. நம்ம கடப்புறத்துல நின்னா போன் சில நேரம் கேரளத்துப் பொழியூர் டவரைப் பிடிக்கும். அப்ப உன்னை கொச்சியில இருக்கதாக் காட்டும், வீட்டு ஃபைபர்ல சென்னைன்னு காட்டும். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்தவங்கதான், டவருக்கு அந்தப் பழைய எல்லையே போதும் போல. ஆனா கொச்சியோ சென்னையோ, ரெண்டும் இந்தியா. அதனால மேட்ச் ஓடும்.

அடுத்தது, சந்தா எந்த நாட்டு நம்பர்ல, எந்த நாட்டுக் கார்டுல எடுத்தது, ஆப் எந்த நாட்டு ஸ்டோர்ல இறக்கினது. நம்ம நாட்டு ஆப்புல பலதும் ஓ.டி.பி. கேக்கும், அது இந்திய நம்பருக்குத்தான் வரும். போன்ல இருப்பிட அனுமதி கொடுத்திருந்தா அதையும் சேத்துப் பாக்கும்.

வி.பி.என். ஏன் ஒரு நிமிசத்துல மாட்டிச்சுன்னு கேட்டா, அந்தக் கம்பெனிகளுக்க முகவரி எல்லாம் டேட்டா சென்டர்ல, சர்வர் மெசினை மொத்தமா வச்சிருக்க இடத்துல இருக்கது. வீட்டு நெட்டுக்குக் கொடுத்த முகவரி வேற, டேட்டா சென்டர் முகவரி வேற. ஆயிரம் பேரு ஒரே முகவரியில இருந்து மேட்ச் பாத்தா யாருக்கும் தெரிஞ்சுபோகும். சில வி.பி.என். பழைய வகை முகவரியான ஐ.பி.வி.4ஐ மட்டும் மறைச்சு, புது வகையான ஐ.பி.வி.6ஐ வெளிய விட்டுடும். நம்ம மொபைல் நெட்டு முக்காலும் ஐ.பி.வி.6ல ஓடுறதால உண்மையான நாடு அந்த வழியாத் தெரிஞ்சுடும்.

பொழியூர்_விங்கர்
புதன், காலை 10.30

நீரோடி தம்பி, கோவிச்சுக்காதே. நானும் அப்படிப் பாத்தவன்தான். 2018ல தம்மாம்ல இருந்தேன். அப்ப சவுதியில பியவுட்க்யூன்னு ஒரு பெட்டி கடையிலயே விப்பாங்க. கத்தார்க்காரங்களோட பிஇன் சேனலை அப்படியே எடுத்து, மேல தன் முத்திரையை ஒட்டி, பத்து சேனலா விட்டது. அந்த வருச உலகக்கோப்பையை நாங்க எல்லாம் அதுலதான் பாத்தோம். 2019ல ஒருநாள் நின்னுபோச்சு, பெட்டிக்குக் கொடுத்த காசும் போச்சு. விவகாரம் உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் போய், 2020 ஜூன்ல சவுதிக்கு எதிராத் தீர்ப்பு வந்தது.

இப்ப வர்ற லிங்கு அதைவிட மோசம். மேட்சுக்கு மேல சூதாட்ட விளம்பரம் வந்து விழுது. எங்க ஊர்ப் பையனுங்க கோச்சிங் முடிச்சுட்டு ஒரே போனைச் சுத்தி உக்காந்து பாக்கறாங்க, பதிமூணு பதினாலு வயசு. மாநிலங்களுக்கு இடையில நடக்கற சந்தோஷ் டிராபி கால்பந்து ஆடினவங்க இத்தனை பேரு பிறந்த ஊருல, பந்து பாக்கப்போன பிள்ள பெட்டு கட்டப் படிச்சுட்டு வரக்கூடாது. எனக்கு இதுல ரெண்டாம் பேச்சு கிடையாது.

மார்த்தாண்டம்_லீட்ஸ்
புதன், மாலை 5.18

வல்லவிளைத் தம்பி, நான் இங்கிலாந்துல நர்ஸா இருக்கேன். லீட்ஸ்ல வீடு. எல்லண்ட் ரோடு மைதானத்துல கோல் விழுந்தா, காத்து இந்தப் பக்கம் அடிச்சா, எங்க தெருவுக்குச் சத்தம் கேக்கும். ஆனா சனிக்கிழமை மூணு மணிக்கு நடக்கற மேட்சை இந்த நாட்டுல எந்த டிவியிலயும் நேரலையாப் பாக்க முடியாது. எவ்வளவு காசு கட்டினாலும் முடியாது.

1960கள்ல பர்ன்லி கிளப் தலைவரா இருந்த பாப் லார்டு, டிவியில பெரிய மேட்ச் காட்டினா சின்ன ஊர் மைதானங்களுக்கு ஆள் வராதுன்னு சொல்லி மத்த கிளப்புகளைச் சம்மதிக்க வச்சார். அது இன்னும் நிக்குது. சனிக்கிழமை 2.45ல இருந்து 5.15 வரைக்கும் நேரலைக் கால்பந்துக்குத் தடை. ஐரோப்பியக் கால்பந்து சம்மேளன விதி 48ஆம் பிரிவுலயே இதுக்கு இடம் இருக்கு.

எங்க அம்மா வீடு மார்த்தாண்டத்துல. அங்க என் தம்பி அதே மேட்சை குளிர்காலத்துல ராத்திரி 8.30க்கு, கோடையில 7.30க்கு உக்காந்து பாக்கான். எனக்கு ரெண்டு மைல் தள்ளி நடக்கற ஆட்டத்துக்க ஸ்கோரை அவன் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால இருந்து வாட்ஸாப்புல அனுப்புதான். முதல் வருசம் எனக்கு அழுகையே வந்திருக்கு. இப்ப நைட் டியூட்டி இல்லாத வாரம் கீழ்ப் பிரிவு கிளப் ஒண்ணுக்க மைதானத்துக்கு நேரா நடந்துபோறேன். டிக்கெட் குறைவு. பாப் லார்டு நினைச்சது என் விஷயத்துல நடந்திருக்குன்னுதான் சொல்லணும்.

வல்லவிளை_பத்து
புதன், மாலை 6.02

அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. இங்கிலாந்துல இருந்தா எல்லாம் பாக்கலாம்னு நினைச்சிருந்தேன்.

கேபிள் அண்ணே, ஒரு சந்தேகம். எங்க வீட்டு ரூட்டர்லயே வி.பி.என். வச்சு, சார்ஜாவுல இருந்து அது வழியா வந்தா வீட்டு முகவரிதானே காட்டும்? அதை யாரு கண்டுபிடிப்பா?

கொல்லங்கோடு_கேபிள்
புதன், மாலை 6.45

காட்டும். ஆனா இப்ப பல கனெக்‌ஷன்ல ஒரு பொது முகவரியை நூறு வீட்டுக்குப் பங்கு வச்சுத்தான் கொடுக்கோம், வெளிய இருந்து உன் ரூட்டரைத் தொட முடியாது. தனி முகவரி வேணும்னா மாசம் கூடுதல் காசு. அதெல்லாம் செய்யலாம். ஆனா செய்யுறதுக்கு முன்ன வக்கீலண்ணன் வரட்டும். அமீரகம்னா நான் வாய் திறக்க மாட்டேன்.

குழித்துறை_வக்கீல்
புதன், இரவு 9.40

நீதிமன்றத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். முழுவதும் படித்தேன். நாடு நாடாகப் பிரித்துச் சொல்கிறேன்.

இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவது குற்றமல்ல. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐ.பி. விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அதன்பின் இந்திய முகவரி வேண்டுமென்றால் சிங்கப்பூர் போன்ற இடங்களில் இருந்தபடியே கொடுக்கிறார்கள். வளைகுடாவில் இருந்துகொண்டு இந்திய ஆப் திறக்க முயல்பவர்களுக்கு அது சிக்கலைக் கூட்டியது.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின் மூலம் 65ஏ பிரிவு வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். காசு கட்டிய சந்தாதாரர் வேறு நாட்டிலிருந்து தன் கணக்கைத் திறப்பது இதில் வருமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் ஆப் நிறுவனத்தோடு நீங்கள் சம்மதித்த ஒப்பந்தத்தை அது மீறும். அவர்கள் கணக்கை முடக்கினால் கேட்க வழியில்லை.

அமீரகம் வேறு. அங்கே 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, குற்றம் செய்யவோ அது வெளியே தெரியாமல் தடுக்கவோ போலி ஐ.பி. முகவரி பயன்படுத்தினால் சிறை அல்லது ஐந்து லட்சம் முதல் இருபது லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. வி.பி.என். வைத்திருப்பதையே அது தடை செய்யவில்லை; அலுவலகங்கள் எல்லாம் பயன்படுத்துகின்றன. ஆனால் உரிமம் இல்லாத ஒளிபரப்பை அந்த வழியே பார்ப்பது எந்தப் பக்கம் விழும் என்று சோதித்துப் பார்க்க வேண்டியவர், குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் மனிதர் அல்ல. தம்பி, ஒரு மேட்சுக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட நியாயம். "காசு கட்டியவன் நான்தானே" என்பதை ஒரு பெண்மணி நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் மதுக்கடை நடத்திய கேரன் மர்ஃபி. உள்நாட்டுச் சேனலின் கட்டணம் தாங்காமல் சேனலைத் திறக்கும் கிரேக்க நாட்டு டீகோடர் கார்டை வாங்கி பிரீமியர் லீக் காட்டினார். ஏறக்குறைய 8,000 பவுண்டு அபராதமும் செலவுத்தொகையும் விதித்தார்கள். அவர் விடவில்லை. 2011 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒரு உறுப்பு நாட்டில் காசு கொடுத்து வாங்கிய கார்டை இன்னொரு உறுப்பு நாட்டில் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் ஒன்றியத்தின் சேவைச் சுதந்திரத்துக்கு முரண் என்றது. 2012இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது. ஆனால் அதே தீர்ப்பு, மதுக்கடையில் பொதுமக்களுக்குக் காட்டும்போது லீக்கின் பாடல், முத்திரை, வரைகலை போன்றவற்றுக்கு உரிமையாளர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. அவர் வென்றது பாதிதான்.

மார்த்தாண்டம்_லீட்ஸ்
வியாழன், அதிகாலை 3.15

வக்கீலண்ணே, அதுக்குப் பிறகு ஒண்ணு நடந்தது. தம்பி கேட்டது அப்படியே அதுதான். 2018 ஏப்ரல் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துல ஒரு விதி: ஒரு நாட்டுல காசு கட்டி சந்தா எடுத்தவர் கொஞ்ச நாளுக்கு வேற உறுப்பு நாட்டுக்குப் போனா, அங்கயும் அதே சந்தா கூடுதல் காசு இல்லாம ஓடணும். குடிமாறிப் போறவங்களுக்கு இல்ல, போய்ட்டு வர்றவங்களுக்கு. நானே 2019ல ஸ்பெயின் போனப்ப இங்க உள்ள ஆப்புல மேட்ச் பாத்தேன். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் வெளிய வந்ததால எங்களுக்கு அந்த உரிமை போச்சு.

செய்ய முடியாத காரியம் இல்லைன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். சந்தா எந்த நாட்டுதுன்னு அவங்களுக்குத் தெரியும், நீ எத்தனை நாளா வெளிய இருக்கேன்னும் தெரியும். லீவு 45 நாளுக்குத் திறந்து விட மெசினுக்குக் கஷ்டமே இல்ல.

வல்லவிளை_பத்து
வியாழன், காலை 8.20

அக்கா, இதைத்தான் ரெண்டு நாளா வார்த்தை கிடைக்காம தேடிட்டு இருந்தேன். தடையே வேண்டாம்னு நான் சொல்லல. லீவுக்கு வந்தவனைத் திருடன் மாதிரி வாசல்ல நிறுத்தாதீங்க. கேரளத்துல இருந்தும் நம்ம கரையில இருந்தும் வளைகுடா போனவங்க எத்தனை லட்சம் பேரு! இந்தியாவும் அமீரகமும் எத்தனையோ ஒப்பந்தம் போடுது, இதுக்கும் ஒரு வரி சேக்கலாமே.

கொல்லங்கோடு_கேபிள்
வியாழன், காலை 11.10

அந்த ஒரு வரிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஆனா தடையை எடுத்துட்டு உலகம் முழுக்க ஒரே கடைன்னு சிலபேரு கேக்காங்க பாத்தியா, அதுல எனக்குச் சம்மதம் இல்ல. பிரீமியர் லீக்கை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா ஏலம் விடுதாங்க. இங்க ஜியோஹாட்ஸ்டார், உங்க பக்கம் பிஇன், இங்கிலாந்துல ஸ்கையும் டிஎன்டியும். அதனாலதான் நம்ம ஊர் வருமானத்துக்கு ஏத்த விலையில இங்க கிடைக்குது. லீட்ஸ்ல ஒரு மாசத்துக்குக் கட்டுற காசுக்கு நமக்கு ஒரு வருசத்துக்கு மேலயே ஓடும். எல்லாத்தையும் ஒரே விலையாக்கினா நம்ம விலை ஏறுமே தவிர அவங்க விலை இறங்காது. பெட்டிக்கடை வச்சிருக்கவனும் போட்டுல போறவனும் எங்கிட்ட சந்தா போடச் சொல்லுதாங்கன்னா அந்த விலை இருக்கதாலதான்.

பொழியூர்_விங்கர்
வியாழன், பகல் 1.45

கேபிள் அண்ணன் சொல்றது விலைக்குச் சரி. ஆனா ஒரே கடையா நடந்த கதையும் உண்டு. 2023ல மெஸ்ஸி மயாமிக்குப் போனப்ப அமெரிக்க லீக் முழுசும் ஆப்பிள்ல, நூறு நாட்டுக்கு மேல, எந்த மேட்சுக்கும் உள்ளூர்த் தடை இல்லாம வந்தது. 2025 கிளப் உலகக்கோப்பை 63 மேட்சையும் டேசோன் ஆப் உலகம் முழுக்க இலவசமாக் காட்டிச்சு, பேரைப் பதிஞ்சா போதும். அதுக்கு முன்னாடி 2018ல இருந்து மூணு சீசன் ஸ்பெயின் லீக்கான லா லிகா நமக்கு ஃபேஸ்புக்குல சும்மாவே வந்தது. 2022 உலகக்கோப்பை ஜியோசினிமாவுல இலவசம், தமிழ் மலையாளம் ரெண்டு வர்ணனையும் உண்டு. எங்க ஊர்க் குருசடி முக்குல ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம் வச்சுக் கேட்டோம்.

வல்லவிளைத் தம்பி, உனக்க அப்பாகிட்ட 1986 பத்திக் கேட்டுப் பாரு. எங்க அப்பா இன்னும் சொல்லுவார். ஊருக்கு ஒரு டிவி, தூர்தர்ஷன் ஒண்ணுதான். ஜூன் 22, அர்ஜென்டினா-இங்கிலாந்து, மெக்சிகோவுல நடுமத்தியானம், நமக்கு ராத்திரி 11.30. மழைக்காலம், கடலுக்குப் போக முடியாது, மொத்தக் கரையும் அந்த ஒரு பெட்டி முன்னாடி. ஆன்டெனாவைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் கூரைமேல நின்னார். மாரடோனா பாதி மைதானம் ஓடி அடிச்ச அந்த ரெண்டாவது கோலை அவர் பாக்கல, கீழ உள்ள சத்தத்தைக் கேட்டார். அன்னையில இருந்து எங்க வீடு அர்ஜென்டினா. இந்தக் கரையில வெள்ளையும் நீலமும் அடிச்ச வள்ளத்துக்கெல்லாம் தொடக்கம் அந்த ராத்திரிதான். யாரும் சந்தா கேக்கல, எந்தப் பகுதின்னும் கேக்கல.

இரவிபுத்தன்துறை_மன்றம்
வியாழன், இரவு 8.00

நடுவுல ஒரு கேள்வி, வக்கீலண்ணே. எங்க மன்றத்துல ஸ்கிரீன் கட்டி மேட்ச் போடுவோம். மைக்கேல் சூசைராஜ் இந்தியக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். ஆடின காலத்துல ஊரே வந்து உக்காந்திருக்கும், நம்ம ஊர்ப் பையனாச்சே. ஒருத்தர் சந்தாவுல புரொஜெக்டர் போட்டுக் காட்டினா தப்பா? ஜெனரேட்டருக்கு ஆளுக்குப் பத்து ரூபா வாங்கலாமா?

குழித்துறை_வக்கீல்
வியாழன், இரவு 9.25

அந்தப் பத்து ரூபாயில்தான் சிக்கல். பதிப்புரிமைச் சட்டம் 37ஆம் பிரிவின்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு ஒளிபரப்பைப் பொதுமக்களுக்குக் காட்டுவது உரிமை மீறல். ஜெனரேட்டருக்கு என்று சொன்னாலும் வாசலில் வாங்கினால் கட்டணம்தான். ஊர்ப் பொதுவசூலில் தனியாக வாங்குங்கள், மேட்சோடு சேர்க்காதீர்கள். இலவசமாகக் காட்டினாலும் ஆப் சந்தா தனிநபர் பயன்பாட்டுக்கு மட்டுமே என்று ஒப்பந்தத்தில் இருக்கும். டிடி ஸ்போர்ட்ஸ் போடும் மேட்சாக இருந்தால் தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷான டிடி ஃப்ரீ டிஷ் வைத்து, காசு வாங்காமல் காட்டுவதே நல்லது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவித்த போட்டிகளைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும். நீங்கள் சந்தோஷ் டிராபி ஊர்க்காரர்கள், அந்தப் பட்டியலில் அதன் இறுதிப் போட்டியும் உண்டு.

நீரோடி_17
வெள்ளி, காலை 7.30

விங்கர் அண்ணே, குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன். தம்பியும் அதுலதான் இருந்தான், அவனுக்க போன்லயும் எடுத்துட்டேன்.

வல்லவிளை_பத்து
ஞாயிறு, இரவு 11.05 (ஒரு மாதம் கழித்து)

சார்ஜா வந்து ஒரு வாரம் ஆச்சு. என்ன செஞ்சேன்னு எழுதணும்னு நினைச்சேன், பிறகு இதே கேள்வியோட யாராவது வருவாங்க.

வி.பி.என். விட்டுட்டேன். இங்க உள்ள ஆப்புக்கு மெயில் போட்டேன். வெளிநாட்டுல திறக்க முடியாதுன்னுதான் பதில் வந்தது. ஆனா மாசச் சந்தாவை லீவுக்கு முன்னாடி நிறுத்தி, திரும்பி வந்து அதே கணக்குல தொடங்கலாம்னு சொன்னாங்க. ஏழு வருசமா இதை நான் கேக்காம இருந்திருக்கேன். வருசச் சந்தா எடுத்தா இந்த வசதி கிடையாது, பாத்து எடுங்க. ஊர்ல மிச்சம் இருந்த நாளுக்கு சாம்பியன்ஸ் லீக் வர்ற சோனி ஆப்பை ஒரு மாசத்துக்கு மட்டும் எடுத்தேன். அப்பாவும் கூட உக்காந்து 1.30க்கு முழிச்சுப் பாத்தார். 1986 பத்திக் கேட்டேன். வல்லவிளையிலயும் ஒருத்தர் கூரைமேல நின்னாராம், அது எனக்க சித்தப்பா.

நேத்து சனிக்கிழமை. எனக்கு இங்க ஏழு மணி, அப்பாவுக்கு எட்டரை, அக்கா வீட்டுக்குப் பக்கத்துல மூணு மணி. ஒரே மேட்சை அப்பா அந்த ஆப்புல, நான் இந்த ஆப்புல, போன்ல பேசிக்கிட்டே பாத்தோம். எனக்கு இருபது விநாடி பின்னாடி வருது. நான் கார்னரைப் பாத்துட்டு இருக்கும்போதே அவர் கோல்னு கத்திட்டார். ரெண்டாவது கோலுக்கும் அப்படியே. இனிமே இடைவேளைக்குத்தான் கூப்பிடணும்னு பேசி வச்சிருக்கோம்.